மழை நாளில் காட்டு வான்கோழி வேட்டை: காட்டை விட்டு வெளியே வந்து உட்காருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டது இது: அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் முதல் தடவையாக வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் பெர்மிட் எடுத்திருக்கிறீர்கள். ஏப்ரல் கடைசியில் மூன்று நாள் லீவும் போட்டாயிற்று. இப்போது வானிலை அறிக்கை மூன்று நாளும் மழை என்கிறது. லீவை ரத்து செய்வதா, நனைந்தாலும் பரவாயில்லை என்று கிளம்புவதா? கிளம்பினால் எதை மாற்றிச் செய்ய வேண்டும்?

கிளம்புங்கள். மின்னல் இருந்தாலோ ஓடைகளில் வெள்ளம் வந்தாலோ மட்டும் வீட்டில் இருங்கள். அந்த இரண்டையும் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. வெறும் மழை என்றால், அது பறவை இருக்கும் இடத்தையும் அது நடமாடும் நேரத்தையும் மாற்றிவிடும். அந்த மாற்றம் பிடிபட்டவருக்கு மழை நாள் நல்ல நாள். தெற்கு மிசூரியின் ஓசார்க் மலைகளில், பெரும்பாலும் மார்க் ட்வைன் தேசியக் காட்டிலும் அதை ஒட்டிய மாட்டுப் பண்ணைகளிலும், பதினைந்து வசந்தங்களுக்கு மேல் இந்தப் பறவையின் பின்னால் நடந்திருக்கிறேன். எனக்குக் கிடைத்த சேவல்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை ஈர நாட்களில் கிடைத்தவை.

நம்மூரில் வான்கோழி என்றால் பண்ணையில் தள்ளாடி நடக்கும் கனத்த பறவைதான் நினைவுக்கு வரும். காட்டு வான்கோழி வேறு பிறவி. வளர்ந்த சேவல் எட்டிலிருந்து பதினொரு கிலோ இருக்கும். இருந்தாலும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், தேவைப்பட்டால் அதைவிட வேகமாகப் பறக்கும். மோப்பத்தை அது பெரிதாக நம்புவதில்லை. உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அதற்கு இருப்பது கண்ணும் காதும். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால், தலையை லேசாகத் திருப்பினாலே சுற்றுவட்டம் முழுவதும் தெரிந்துவிடும். அசைவு அதன் கண்ணுக்குத் தப்பவே தப்பாது.

இந்தப் பறவையை மழைக்குள் நிறுத்திப் பாருங்கள். காட்டுக்குள் ஒவ்வொரு இலையும் துளி பட்டு ஆடுகிறது. எது காற்று, எது மழை, எது நரி என்று கண்ணுக்குப் பிரித்துத் தெரியாது. இலைகளில் விழும் மழையின் சத்தத்தில் காதும் பயன்படாது. நனைந்த சருகு மெத்தை மாதிரி ஆகிவிடுவதால் கயோட்டி என்னும் ஓநாய்ச் சாயல் விலங்கும் பாப்கேட் என்னும் காட்டுப்பூனையும் ஓசையில்லாமல் நெருங்கிவிடலாம். ஆக, மழை பிடித்ததும் வான்கோழிக்குக் காடு பயமுறுத்தும் இடம். அது புல்வெளிக்கு வந்துவிடும். வெட்டவெளியில் எது வந்தாலும் இருநூறு மீட்டருக்கு முன்பே தெரியும் அல்லவா? இன்னொரு காரணமும் உண்டு. அதன் உடம்பில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இறகுகள். வாத்துக்கு இருப்பது போல் நீர் ஒட்டாத இறகுகள் அல்ல. உயரமான ஈரப் புதருக்குள் நடந்தால் மழை நின்ற பிறகும் மணிக்கணக்கில் நனைந்துகொண்டே இருக்க வேண்டும். மேய்ச்சலில் குட்டையாகிப்போன புல்தரை அதற்கு வசதி. நனைந்த மண்ணில் மேலே வரும் புழு பூச்சிகளும் அங்கேதான்.

உலர்ந்த நாளில் நாம் வேட்டையாடுவது காதால். விடியும்போது அடைந்த மரத்திலிருந்து சேவல் கூவும். இங்கே ‘காபிள்’ என்று சொல்லும் அந்தக் கூவல் அமைதியான காலையில் ஒரு கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். அதை வைத்து நெருங்கி, பெட்டையின் குரலில் அழைத்து, சேவலை வரவழைப்பதுதான் முறை. மழையில் இந்த முறை கையை விட்டுப் போய்விடுகிறது. சேவல் குறைவாகத்தான் கூவும். கூவினாலும் பாதி தூரம்கூட நம் காதுக்கு எட்டாது. மரத்தை விட்டு இறங்குவதும் தாமதமாகும்; கொட்டும் மழையில் விடிந்து ஒரு மணி நேரம், சில நாள் அதற்கு மேலும், கிளையிலேயே தலையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புதிதாக வருபவர் இந்த மௌனத்தைக் கேட்டுவிட்டு ‘இன்றைக்குப் பறவையே இல்லை’ என்று எட்டு மணிக்கு வண்டிக்குத் திரும்பிவிடுகிறார்.

நானும் திரும்பியிருக்கிறேன். மூன்றாவது வருடம் என்று நினைவு. விடியற்காலை நாலரையிலிருந்து ஓக் மரக் காட்டுக்குள் மேடு பள்ளமாக ஏறி இறங்கி, ஒரு கூவலாவது கேட்காதா என்று அலைந்தேன். உள்ளாடை வரை நனைந்தாயிற்று. ஒன்பதரைக்கு வெறுத்துப்போய், அனுமதி வாங்கியிருந்த பண்ணையின் வேலியோரமாக வண்டியை நோக்கி நடந்தேன். வேலிக்கு அப்பால், மாடுகள் மேயும் குட்டைப் புல்லில், ஏழு வான்கோழிகள். இரண்டு பெரிய சேவல்கள் ஒட்டிய இறகோடு, ஈரச் சாக்கு மூட்டை மாதிரி நின்றன. விடியலில் நான் வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து அந்த இடம் முந்நூறு அடிகூட இருக்காது. அவை என்னை முதலில் பார்த்துவிட்டன, போய்விட்டன. அன்றிலிருந்து மழை நாளில் நான் காட்டுக்குள் அலைவதில்லை.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் மழை வேட்டையின் முக்கால் பங்கு வேலை. மேய்ச்சல் நிலம், அறுத்த வைக்கோல் புல்வெளி, மின்கம்பிப் பாதைக்காக மரம் வெட்டிய நீளத் திறப்பு, மரம் ஏற்றிப்போன பழைய வண்டிப் பாதை, ஓசார்க்கின் உச்சிச் சரிவுகளில் பாறையும் புல்லுமாக இருக்கும் ‘கிளேட்’ எனப்படும் திறந்தவெளி இவையெல்லாம் நல்ல இடங்கள். அரசுக் காட்டில் பெரிய வயல் கிடைக்காது என்று கவலைப்பட வேண்டாம். கால் ஏக்கர் திறப்பு இருந்தாலும் அங்கே வரும். காற்றும் அடித்தால், காற்று மறைவான சரிவில் இருக்கும் திறந்தவெளியைப் பாருங்கள். முதல் நாள் மாலையே போய், இரவு அடைவதற்கு எந்தப் பக்கத்து மரங்களுக்குப் போகின்றன என்று தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்துவிட்டால் மறுநாள் மழை பெய்தாலும் கவலையில்லை. அந்த மரங்களுக்கு மிக அருகில் உள்ள திறந்தவெளிதான் உங்கள் இடம்.

ஒரு உதவி மழையே செய்கிறது. பழைய தடங்களையெல்லாம் கழுவிவிடுகிறது. மழை நின்ற பிறகு மண் பாதையில் நீங்கள் பார்க்கும் கால்தடம் இன்றைக்கு விழுந்தது. நடுவிரல் தடம் நீண்டு, குதிகாலிலிருந்து விரல் நுனி வரை பத்து சென்டிமீட்டரைத் தாண்டினால் பெரும்பாலும் சேவல்தான்.

உட்காருவதற்குப் ‘பிளைண்ட்’ என்று விற்கும் மடக்குக் கூடாரத்தை மழை நாளில் கட்டாயம் கொண்டுபோங்கள். உலர்ந்த நாளில் எனக்கு அது பிடிக்காது. மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருவதில் இருக்கும் சுகமே தனி. ஆனால் மழையில் நனைந்துகொண்டு நாலு மணி நேரம் அசையாமல் இருக்க மனிதனால் முடியாது. குளிரில் நடுங்குவீர்கள், முகத்தைத் துடைப்பீர்கள், கண்ணாடியைத் துடைப்பீர்கள். அந்த ஒரு கையசைவு போதும். வயலின் ஓரத்தில், மர நிழல் முதுகுப் பக்கம் இருக்கும்படி, காற்று வரும் திசை ஜன்னலை மூடி, ஆணி அடித்து இழுத்துக் கட்டுங்கள். உள்ளே அடர் நிறச் சட்டை போடுங்கள். எல்லா ஜன்னலையும் திறந்து வைத்தால் வெளிச்சத்தில் உங்கள் உருவம் அப்படியே தெரியும். கூடாரம் சுமக்க முடியாவிட்டால் மரத்தில் திருகிப் பொருத்தும் சின்ன இலைநிறக் குடையும் கிடைக்கிறது; அது பாதி வேலை செய்யும்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். மழை வெறித்ததும் வரும் முதல் ஒரு மணி நேரம். வசந்தகால வேட்டையில் அதற்கு இணையான நேரத்தை நான் பார்த்ததில்லை. மணிக்கணக்கில் முடங்கிக் கிடந்த பறவைகள் ஒரே நேரத்தில் உயிர் பெறும். இறகைச் சிலிர்த்து உதறும், அலகால் கோதும், வெயில் விழும் துண்டு நிலத்தைத் தேடிப் போகும், வாயடைத்துக் கிடந்த சேவல் கூவத் தொடங்கும். மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, காட்டுக்குள் அது நிஜமாகவே நடக்கிறது: வானம் தெளிந்து ஒரு மணி நேரமானாலும் மரங்கள் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் அவை சட்டென்று காட்டுக்குள் திரும்புவதில்லை, வெளியிலேயே நிற்கும். நீங்கள் செய்ய வேண்டியது, மழை நிற்கும் கணத்தில் ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருப்பது. மழை நின்ற பிறகு வண்டியிலிருந்து இறங்கி வயலுக்கு நடப்பவர் பறவைகளைக் கலைத்துவிடத்தான் போகிறார்.

அதனால் ராடார் படத்தைப் பார்க்கப் பழகுங்கள். நாளைக்கு மழையா என்று கேட்பதை விட்டுவிட்டு, மழை எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேளுங்கள். மிசூரியில் பொது நிலத்தில் வசந்தகால வேட்டை சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கிப் பகல் 1 மணிக்கு முடிந்துவிடுகிறது. தனியார் நிலத்தில் 2024 முதல் சூரிய அஸ்தமனம் வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆகவே பத்து மணிக்கு ஓயும் மழை என்றால் பொது நிலத்துக்குப் போங்கள். இரண்டு மணிக்கு ஓயும் மழை என்றால் பண்ணை அனுமதி இருந்தால்தான் பயன்.

தூறல் வேறு, அடைமழை வேறு. மெல்லிய தூறலில் சேவல் கூவும், தோகை விரித்து ஆடவும் செய்யும். அன்று பாதி வழக்கமான வேட்டைதான். அடைமழையில் அழைப்பதால் பயனில்லை, கண்ணால் பார்த்துக் காத்திருங்கள்.

அழைப்புக் கருவிகளில்தான் பலர் மழையில் மாட்டிக்கொள்கிறார்கள். பாக்ஸ் கால் என்பது சின்ன மரப்பெட்டி; சாக்பீஸ் தூள் பூசிய மரத்தோடு மரம் உரசி ஒலி எழுப்புவது. ஈரம் பட்டால் ஊமையாகிவிடும். அதைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, கையையும் பைக்குள் விட்டு உரசுவது இங்கே பழைய வேட்டைக்காரர்கள் செய்வது; ரொட்டி பாக்கெட் உறையே போதும். ஸ்லேட் கல்லும் மரக்குச்சியும் ஈரத்தில் வழுக்கும். அதற்குப் பதில் கண்ணாடி அல்லது அலுமினியத் தட்டும், அக்ரிலிக் அல்லது கார்பன் குச்சியும் வைத்திருங்கள். துடைத்துத் துடைத்து உரசலாம். எல்லாவற்றையும் விட வாயில் வைத்து ஊதும் டயாஃப்ரம் மழைக்கென்றே செய்தது போல. அது நனைந்தால்தான் பாடும், கையும் அசைய வேண்டியதில்லை. பழக ஒரு மாதமாவது ஆகும்; இந்தத் தடவைக்குக் கைவராவிட்டாலும் இன்றைக்கே தொடங்குங்கள். மழைச் சத்தத்தைத் தாண்ட வேண்டும் என்பதால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்க அழைக்கலாம். ஆனால் அடிக்கடி வேண்டாம். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை போதும். பதில் வராவிட்டாலும் சேவல் வராது என்று முடிவு கட்டாதீர்கள். மழையில் அது பேசாமலே நடந்து வரும்.

டிகாய் பொம்மை, அதாவது நம்மூரில் கௌதாரி பிடிப்பவர்கள் வைக்கும் பார்வைப் பறவை செய்யும் அதே வேலையைச் செய்யும் பொம்மை, வயல் ஓரத்தில் உதவும். ஒரு பெட்டையும் ஒரு இளஞ்சேவலும் இருபது மீட்டருக்குள் வையுங்கள். நனைந்த பிளாஸ்டிக் வெயில் வந்ததும் பளபளக்கும், அவ்வப்போது துடைத்துவிடுங்கள். முழுத் தோகை விரித்த சேவல் பொம்மையை மழையில் வைக்காதீர்கள். நிஜச் சேவல்களெல்லாம் சுருண்டு நிற்கும்போது அது ஒட்டாமல் தெரியும். பொது நிலத்தில் அது ஆபத்தும்கூட.

துப்பாக்கி விஷயம். மிசூரியில் ஷாட்கன் என்றால் 4-ம் எண் அல்லது அதைவிடச் சிறிய குண்டுகள்தான் சட்டப்படி (எண் கூடக் கூடக் குண்டு சிறியது). குழல் அளவு 12 கேஜும் சரி, 20 கேஜும் சரி. மழையில் தூரம் ஏமாற்றும். சாம்பல் வெளிச்சத்தில் கண்ணளவு தப்பும். லேசர் தூரமானியோ விழும் மழைத்துளியையே அளந்து தப்புக் கணக்குச் சொல்லிவிடும். உட்காரும் முன்பே காலடி எண்ணி, 35 கெஜத்தில் நாலு பக்கமும் ஒவ்வொரு குச்சி நட்டுவிடுங்கள். குச்சிக்கு அப்பால் நிற்கும் பறவையைச் சுடாதீர்கள். தலையும் கழுத்தும் சேரும் இடம்தான் குறி. உடம்பில் பட்ட பறவை தப்பி ஓடிச் சாகும். மழையில் ரத்தத் தடமும் கழுவிப்போகும், தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நடக்கும்போது தண்ணீர் உள்ளே போகாமலிருக்கக் குழலைக் கீழே சாய்ப்பது சரி. ஆனால் நுனி சேற்றில் குத்தி அடைத்துக்கொண்டால் சுடும்போது குழல் பிளந்துவிடும். ஒவ்வொரு தடவை உட்காரும்போதும் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலைச் சோதியுங்கள்.

சேவலின் தலை சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். இந்த மூன்று நிறமும் உங்கள் உடம்பில் எங்கேயும் தெரியக் கூடாது. மழைக்கோட்டில் இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்; கடையில் முதலில் கையில் அகப்படுவது நீலக் கோட்டுதான். சத்தத்தை நோக்கியோ அசைவை நோக்கியோ சுடவே சுடாதீர்கள். மார்பில் தொங்கும் தாடியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விரல் விசைக்குப் போக வேண்டும். மிசூரிச் சட்டமும் வசந்தத்தில் சேவலையோ தாடி தெரியும் பறவையையோ மட்டும்தான் அனுமதிக்கிறது. கூடாரத்தின் மேல் ஆரஞ்சுத் துணி ஒன்று கட்டுங்கள். பறவையைச் சுமந்து வரும்போதும் அதன் மேல் ஆரஞ்சுத் துணி போர்த்துங்கள்.

மின்னல். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் உங்களை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். உடனே எழுந்து, உலோகக் கூரை உள்ள வண்டிக்குள் போய் உட்காருங்கள். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்துத்தான் இறங்க வேண்டும். பிளைண்ட் கூடாரம் எந்தப் பாதுகாப்பும் தராது. வயல் நடுவே தனி மரம் இன்னும் மோசம். இடி கேட்டதும் சேவல் மரத்திலிருந்து பதிலுக்குக் கூவும், அது உண்மை. ‘ஷாக் காபிள்’ என்பார்கள். அதைக் கேட்டு ஆசைப்பட்டு உட்கார்ந்தே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கூவிய இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வண்டிக்குப் போங்கள், ஓய்ந்த பிறகு வாருங்கள். பறவை அங்கேதான் இருக்கும்.

வெள்ளம் அதைவிடச் சத்தமில்லாமல் வரும். ஓசார்க்கில் சரளைக்கல் சாலைகள் ஓடைகளைத் தரைப்பாலங்களில் கடக்கின்றன. விடியற்காலை நாலு மணிக்குக் கணுக்கால் தண்ணீரில் கடந்த பாலம் பத்து மணிக்கு இடுப்பளவு ஓடும். ஓரடி ஓட்டத் தண்ணீரே சின்னக் காரை நகர்த்திவிடும். இரண்டடி பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போய்விடும். ஓடைக்கு அந்தப் பக்கம் வேட்டை என்றால், தரைப்பாலம் இல்லாமல் திரும்பும் வழியை வரைபடத்தில் முதலிலேயே பாருங்கள். அப்படி வழி இல்லை என்றால் அந்த இடத்தை மழை நாளில் விட்டுவிடுங்கள்.

உடைக்குப் பருத்தி வேண்டாம். ஏப்ரல் ஓசார்க்கில் பத்து டிகிரிக்குக் கீழே போகும். நனைந்த ஜீன்ஸில் உடம்பு விறைத்துவிடும். கம்பளி அல்லது பாலியெஸ்டர், மேலே சரசரக்காத மழைக்கோட்டு. மழைக்குப் பிறகு உண்ணி அதிகம், காலுறைக்குள் பேன்ட்டைச் செருகுங்கள். லோன் ஸ்டார் உண்ணி கடித்தவர்களில் சிலருக்கு ஆட்டு, மாட்டு, பன்றிக் கறியே ஒவ்வாமையாகிவிடுகிறது. எனக்குத் தெரிந்தவர்களிலேயே இரண்டு பேருக்கு இப்படி ஆகியிருக்கிறது.

சட்டத்தில் ஒன்று, நம்மவர்களுக்கு முக்கியமானது. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருப்பது அதற்குள்ள விலக்குகளில் ஒன்று. நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று கேள்வியில் சொல்லவில்லை. துப்பாக்கியைத் தொடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

மழையைப் பற்றிப் பேசும்போது பெட்டைகளைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நீங்கள் சேவலுக்காகக் காத்திருக்கும் அதே வாரங்களில் பெட்டை பத்து, பன்னிரண்டு முட்டை இட்டு, தரையில் 28 நாள் அடைகாக்கத் தொடங்கியிருக்கும். நனைந்த பெட்டையின் வாசனையை வைத்து ரக்கூனும் கயோட்டியும் கூட்டைக் கண்டுபிடிக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குஞ்சு பொரித்த முதல் இரண்டு வாரம் அவற்றால் மரமேற முடியாது. குளிர்மழையில் நனைந்தால் செத்துப்போகும். 1950களின் தொடக்கத்தில் மிசூரியில் இந்தப் பறவை சில ஆயிரத்துக்குள் சுருங்கிப்போயிருந்தது. பிடித்துப் பிடித்து வேறு மாவட்டங்களில் விட்டு மீட்டெடுத்தார்கள். 1960-இல் மீண்டும் திறந்த முதல் சீசன் மூன்றே நாள், கிடைத்தவை 94 பறவைகள். அண்மை ஆண்டுகளில் பல மாநிலங்களில் எண்ணிக்கை திரும்பவும் இறங்கியிருக்கிறது. ஆகவே புதருக்குள் உட்கார்ந்திருக்கும் பெட்டையைப் பார்த்தால் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போங்கள். மழையில் அதைக் கிளப்பிவிட்டால் முட்டைகள் நனைந்து குளிர்ந்துவிடும்.

சேவல் கிடைத்துவிட்டால், முதலில் பெர்மிட்டில் குறித்துவிட்டு, அன்றிரவு 10 மணிக்குள் டெலிசெக்கில், அதாவது வேட்டையில் கிடைத்ததை மாநிலத்துக்குத் தெரிவிக்கும் பதிவு முறையில், பதியுங்கள். காகிதப் பெர்மிட் என்றால் ஜிப்லாக் பையில் இருக்கட்டும். நனைந்த பறவையைப் பிளாஸ்டிக் பைக்குள் திணித்து வண்டியில் போடாதீர்கள். உடம்புச் சூடும் ஈரமும் சேர்ந்து கறி கெட்டுவிடும். குடலை எடுத்து, காற்றோட்டமாகத் தொங்கவிட்டு, பிறகு ஐஸ் பெட்டியில் வையுங்கள். தோகையை எடுத்து வைக்க ஆசை இருந்தால் அடிச்சதையைச் சுரண்டி, போராக்ஸ் தூள் தூவி, அட்டையில் விரித்து ஊசி குத்தி இரண்டு வாரம் காயவிட வேண்டும். அதற்கு முன் முடி உலர்த்தும் டிரையரை இளஞ்சூட்டில் வைத்து இறகுகளை அடியிலிருந்து நுனி நோக்கி உலர்த்துங்கள். கறுத்துப்போய் ஒட்டிக் கிடந்ததில் பத்து நிமிடத்தில் செம்பு நிறமும் பச்சையும் திரும்பி வந்துவிடும்.